மூன்று வருஷமா, நான்கு வருஷமா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தோட்டக் கமிட்டிக் கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். மேல் டிவிசனிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா மட்டும் போகாமல் நின்றார். இருபது வருஷத்துக்கு மேலாக மலையில் கொழுந்து எடுப்பவர். கடைசியில் என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "டீச்சர், எம்மக கெம்பஸ் போறப்ப மூணு வருசம்னுதான சொன்னிச்சி. இப்ப போன்ல நாலு வருசம்ங்குது. பெயிலாகிருச்சா? இல்ல எங்ககிட்ட ஏதும் மறைக்குதா?"

அந்தப் பிள்ளை பெயிலாகவில்லை. முதலாம் வருஷத்தில் நல்ல புள்ளி எடுத்து, அவள் துறையில் சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவாகியிருக்கிறாள். வீட்டில் பலகாரம் சுட வேண்டிய செய்தி. அது அந்தத் தாய்க்குக் கெட்ட செய்தியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. பிள்ளைக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை, தாய்க்கு அதைக் கேட்கத் தெரியவில்லை. இருவர் மேலும் பிழையில்லை. பல்கலைக்கழகத்துக்குள் என்ன நடக்கிறது என்று நம் லயங்களில் யாரும் பேசுவதில்லை. உயர்தரப் பெறுபேறு வந்ததும் நம் பேச்சு முடிந்துவிடுகிறது.

இதைப் பற்றி எழுத எனக்கு ஒரு தகுதியும் உண்டு, ஒரு கோபமும் உண்டு. நான் பொதுப் பட்டதாரி. சிறப்புப் பட்டம் என் கைக்கு எட்டிய தூரத்தில் இருந்து நழுவிப் போனது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த அம்மாவுக்குச் சொன்ன விளக்கத்தை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். கலை, விஞ்ஞானம் போன்ற பீடங்களில் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று மூன்று வருஷப் பட்டம். அதில் இரண்டு மூன்று பாடங்களைச் சேர்த்துப் படிப்பார்கள். அதைத்தான் பொதுப் பட்டம் என்கிறோம். மற்றது நான்கு வருஷம். ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு அதன் அடி வரைக்கும் போவது. முன்னர் அதைச் சிறப்புப் பட்டம் என்றார்கள். இப்போது ஆங்கிலத்தில் 'ஹொனர்ஸ்', தமிழில் கௌரவப் பட்டம் என்று எழுதுகிறார்கள். மேடையில் பொன்னாடை போர்த்தி பெரிய மனிதர்களுக்குக் கொடுக்கிறார்களே, அந்தக் கௌரவம் அல்ல இது. இதைப் பிள்ளை ராத்திரி கண் விழித்துத்தான் எடுக்க வேண்டும். நான் இந்தக் கட்டுரையில் சிறப்புப் பட்டம் என்றே எழுதுகிறேன். அந்தச் சொல்லில் குழப்பம் குறைவு. முகாமைத்துவம், பொறியியல் போன்ற பல படிப்புகள் தொடக்கத்திலிருந்தே நான்கு வருஷம்தான். அங்கே இந்தக் கேள்வி எழாது.

நாட்டின் தகைமைச் சட்டகத்தில் இதற்குக் கணக்கு உண்டு. வருஷத்துக்கு 30 கிரெடிட். மூன்று வருஷப் பட்டத்துக்கு 90, நான்கு வருஷத்துக்கு 120. மூன்று வருஷப் பட்டம் 5ஆம் மட்டம், சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம். ஒரு கிரெடிட் என்றால் விரிவுரை, வாசிப்பு, ஒப்படை எல்லாம் சேர்த்து 50 மணித்தியாலப் படிப்பு. அதாவது வருஷத்துக்கு 1,500 மணித்தியாலம். "கெம்பஸ்ல சும்மா திரியிதுக" என்று டவுன் பஸ்ஸில் பேசுகிறவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

நான்காம் வருஷத்தில் பிள்ளை ஒரு ஆய்வேடு எழுத வேண்டும். தானே ஒரு கேள்வியைத் தெரிவு செய்து, தானே போய்த் தகவல் திரட்டி, ஒரு விரிவுரையாளரின் மேற்பார்வையில் எழுதுவது. சிறப்புப் பட்டத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இனி, இதற்குள் எப்படிப் போவது? நம் பிள்ளைகள் தடுக்கி விழுகிற இடம் இதுதான். அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

சிறப்புப் பட்டத்துக்கான தெரிவு பெரும்பாலும் முதலாம் வருஷப் பெறுபேற்றை வைத்துத்தான் நடக்கிறது. நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இது தெரியாது. முதலாம் வருஷம் என்றால் பழகிப் பார்க்கிற வருஷம், இரண்டாம் வருஷத்திலிருந்து நன்றாகப் படிக்கலாம் என்று நினைக்கிறார்கள். அந்த முதலாம் வருஷத்தில்தான் எல்லாம் ஒன்றாக வந்து விழுகிறது. வீட்டை விட்டு வந்த ஏக்கம், விடுதிச் சாப்பாடு, புரியாத ஆங்கிலம், சில இடங்களில் பகிடிவதை. பகிடிவதைக்கு எதிராக 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. இருந்தும் பயந்து இரண்டு கிழமை வீட்டுக்கு ஓடி வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு கிழமைக்கும் வரவுப் பதிவில் வெற்றிடம் விழுந்திருக்கும். பல பீடங்களில் 80 வீத வரவு இல்லாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள்.

அடுத்தது, சிறப்புப் பட்டம் செய்ய விரும்பும் பாடத்தை முதலாம் வருஷத்திலேயே எடுத்திருக்க வேண்டும். அந்தப் பாடத்தில் துறை கேட்கிற தரமும் வேண்டும், மொத்தச் சராசரியும் வேண்டும். அந்தச் சராசரியைத்தான் ஜீ.பி.ஏ. என்கிறார்கள். துறைக்கு இத்தனை இடம்தான் என்ற கட்டுப்பாடும் பல இடங்களில் உண்டு. அதனால் தகுதி இருந்தும் இடம் கிடைக்காமல் போகலாம். எல்லாம் சரியாக இருந்தாலும் பிள்ளை விண்ணப்பிக்க வேண்டும். படிவம் ஒன்று இருக்கும். அதற்கு ஒரு கடைசித் திகதி இருக்கும். அறிவித்தல் பலகையிலோ பீடத்தின் இணையப் பக்கத்திலோ போட்டிருப்பார்கள். புள்ளி நல்லா இருக்கு, அவர்களே கூப்பிடுவார்கள் என்று காத்திருந்து இடத்தை இழந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். மலையில் நாம் பழகியது அது. பிரட்டில் நின்றால் கங்காணி பேர் சொல்லி இந்த மலைக்குப் போ என்பார். பல்கலைக்கழகத்தில் கங்காணி இல்லை.

விதி பீடத்துக்குப் பீடம் மாறும். ஒரே பீடத்தில் துறைக்குத் துறையும் மாறும். அண்ணன் போன வருஷம் இப்படித்தான் செய்தார் என்பதை நம்ப வேண்டாம். மாணவர் கைநூல் ஒன்று கொடுப்பார்கள். அதை வாசித்தே ஆக வேண்டும். என் கைநூலை நான் முதன்முதலாகத் திறந்து வாசித்தது மூன்றாம் வருஷத்தில். இப்போது சிரிப்பு வருகிறது, அன்று சிரிப்பு வரவில்லை.

என் கதைக்கு வருகிறேன். அப்பா கவ்வாத்து வேலை செய்தவர். நான் முதலாம் வருஷத்தின் இரண்டாவது அரையாண்டுப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. பாதிப் பரீட்சையில் கிளம்பி வந்தேன். எடுத்துப் போட்டு, காரியம் முடிந்து, பதினாறாம் நாள் கருமாதி வரை வீட்டில் இருந்தேன். இருக்காமல் எப்படிப் போவது? மூத்த பிள்ளை நான். மூன்று பாடங்களுக்கு நான் பரீட்சை எழுதவில்லை. இடையில் எனக்குக் காய்ச்சலும் கண்டது. தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து எடுத்தேன். திரும்பிப் போய் அலுவலகத்தில் நின்றபோது, மெடிக்கல் இருக்கிறதா என்று கேட்டார்கள். டிஸ்பென்சரித் துண்டைக் கொடுத்தேன். பதிவு பெற்ற வைத்தியரின் சான்றிதழ்தான் செல்லும் என்று திருப்பித் தந்தார்கள். சரி, அப்பாவின் மரணச் சான்றிதழைக் கொண்டுவருகிறேன் என்றேன். அதைத் தோட்டத்திலிருந்து எடுப்பித்துக் கொடுக்கும்போது, முறையீடு செய்ய வேண்டிய நாட்கள் கடந்துவிட்டன என்றார்கள். எழுத்தில், உரிய நாளுக்குள் கொடுத்திருந்தால் பீடச் சபை பரிசீலித்திருக்கும் என்று ஒரு விரிவுரையாளர் பிறகு சொன்னார். அவரும் நல்ல மனிதர்தான். முன்னாலேயே சொல்ல அவருக்கு என்னைத் தெரியாது, கேட்க எனக்கு அவரைத் தெரியாது.

சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவு நடந்தபோது என் பெறுபேறு முழுமையாக இல்லை. பெயரே பரிசீலனைக்குப் போகவில்லை. அடுத்த வருஷம் அந்த மூன்று பாடங்களையும் மீண்டும் எழுதினேன். மெடிக்கல் ஏற்றுக்கொள்ளப்படாமல் மீண்டும் எழுதினால் எவ்வளவு நன்றாக எழுதினாலும் 'சீ' தரத்துக்கு மேலே தரமாட்டார்கள். பெரும்பாலான பீடங்களில் இதுதான் விதி.

'சீ' தானே, சித்திதானே என்று நினைக்காதீர்கள். கணக்கைப் பாருங்கள். 'ஏ' என்றால் 4.00, 'பீ பிளஸ்' 3.30, 'பீ' 3.00, 'சீ' 2.00. வருஷத்துக்கு 3 கிரெடிட் பாடம் பத்து என்று வைத்துக்கொள்வோம். பத்திலும் 'பீ பிளஸ்' எடுத்த பிள்ளையின் சராசரி 3.30. ஒன்பதில் 'பீ பிளஸ்' எடுத்து, ஒன்றில் மட்டும் 'சீ' விழுந்த பிள்ளையின் சராசரி 3.17. என்னைப் போல மூன்றில் 'சீ' விழுந்தால் 2.91. பல பல்கலைக்கழகங்களில் இரண்டாம் வகுப்பு மேல்நிலைக்கு 3.30 வேண்டும், முதலாம் வகுப்புக்கு 3.70. ஒரு காய்ச்சலும் ஒரு துண்டும் எவ்வளவு தூரம் இழுக்கிறது என்று இதில் தெரியும்.

அதனால் பெற்றோர்களே, இதை மட்டுமாவது மனதில் வையுங்கள். பரீட்சைக் காலத்தில் பிள்ளைக்கு வருத்தம் வந்தால் தோட்டத்து டிஸ்பென்சரியோடு நிற்காமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்ச் சான்றிதழ் எடுங்கள். அதைப் பல்கலைக்கழக வைத்திய நிலையத்துக்கும் பீட அலுவலகத்துக்கும் தாமதிக்காமல் கொடுக்கச் சொல்லுங்கள். கொடுத்ததற்கு ஒரு பிரதியில் திகதி முத்திரை வாங்கச் சொல்லுங்கள். வீட்டில் சாவு விழுந்தால், துக்கத்துக்குள்ளேயும் யாராவது ஒருவர் அந்தப் பிள்ளையின் பீடத்துக்கு ஒரு கடிதம் போக வழி செய்யுங்கள். தோட்டத் தலைவர் செய்யலாம். சேமலாப நிதிக்கும் மரணச் சகாயத்துக்கும் அந்த நேரத்தில் நம் தலைவர்மார் ஓடி ஓடிப் படிவம் நிரப்புகிறார்கள். அதோடு இன்னொரு கடிதம், அவ்வளவுதான்.

இப்போது காசு. பேசாமல் இருக்க முடியாது. அந்த அம்மா என் விளக்கத்தையெல்லாம் கேட்டுவிட்டு, "சரிங்க டீச்சர், அந்த ஒரு வருசத்துக்கு யாரு போடுறது?" என்றார்.

சரியான கேள்வி. 2024 செப்டெம்பரில் நமக்கு நிர்ணயித்த நாட்சம்பளம் 1,350 ரூபா. மகாபொல 2025 வரவு செலவுத் திட்டத்தில் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்ந்தது. அந்த 7,500 என்பது அன்றைய சம்பளக் கணக்கில் ஐந்தரை நாள் பேர். அதை வைத்து ஒரு பிள்ளை ஒரு மாதம் சாப்பிட்டு, போட்டோப்பிரதி எடுத்து, டேட்டா போட்டு, பஸ்ஸேறி வீட்டுக்கு வந்து போக வேண்டியிருந்தது. நான்காம் வருஷத்திலும் அந்த உதவி தொடரும் என்பது உண்மை. ஆனால் நான்காம் வருஷத்தில் செலவு கூடும். ஆய்வுக்காக அலைய வேண்டும், மடிக்கணினி இல்லாமல் எழுத முடியாது, அச்சடித்து அட்டை கட்ட வேண்டும். விடுதி கிடைக்காவிட்டால் வெளியில் அறை வாடகை. இதற்கிடையில் மூன்று வருஷத்தில் முடித்த பக்கத்து வீட்டுப் பிள்ளை வேலைக்கு விண்ணப்பம் போட ஆரம்பித்திருக்கும். கீழே தம்பி சாதாரண தரம் எழுத இருப்பான்.

அதனால் எல்லோரும் நான்கு வருஷம் படித்தே ஆக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பொதுப் பட்டம் குறைந்த பட்டம் அல்ல. பட்டதாரி ஆசிரியர் நியமனத்துக்கு அது போதும், நிர்வாக சேவைப் பரீட்சைக்கும் அது போதும். என் சம்பளத்தில்தான் தங்கச்சி படித்தாள், அந்தச் சம்பளம் ஒரு வருஷம் முந்தி வந்ததில் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. வீட்டு நிலைமையைப் பார்த்து, தெரிந்து, யோசித்து மூன்று வருஷம் போதும் என்று ஒரு பிள்ளை முடிவு செய்தால் அது நல்ல முடிவு. என் சண்டை வேறு. தெரியாமல் போவதோடுதான் சண்டை. விதி தெரியாமல், திகதி தெரியாமல், துண்டு செல்லாது என்று தெரியாமல் போகிறதே, அதற்குப் பெயர் முடிவு இல்லை.

நான்கு வருஷம் படித்தால் என்ன கிடைக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக வேண்டுமானால் சிறப்புப் பட்டமும் அதில் நல்ல வகுப்புச் சித்தியும் கேட்பார்கள். ஆய்வுப் பட்டங்களுக்குப் போக அதுதான் நேர் வழி. வெளிநாட்டில் மேற்படிப்புக்குப் பல இடங்களில் நான்கு வருஷப் பட்டம் எதிர்பார்க்கிறார்கள். பொதுப் பட்டக்காரர்களுக்குக் கதவே இல்லை என்று சொல்லமாட்டேன். சுற்றிப் போகலாம். ஆனால் அந்தச் சுற்றுக்கு வருஷமும் காசும் ஆகும். நான் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இதைக் கமிட்டிக் கூட்டத்தில் நான் எடுத்தபோது ஒரு தலைவர் எழுந்து கேட்டார்: "டீச்சர், சந்தா காசு மழையில நனைஞ்சி கொழுந்து எடுக்கிறவங்களோட காசு. கெம்பஸ் போன புள்ளைக்கு நாங்க ஏன் போடணும்? படிச்சி முடிச்சா கொழும்புக்குப் போயிருவாங்க, தோட்டப் பக்கம் திரும்பியும் பாக்க மாட்டாங்க." பாதிப் பேர் தலையாட்டினார்கள். எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. முகவரியைக் கூட மாற்றி எழுதிய பிள்ளைகளை நானும் அறிவேன். தோட்டத்தின் பெயரைச் சொன்னால் விடுதியில் ஒரு பார்வை பார்ப்பார்கள் என்பதற்காக ஹட்டன் டவுன் என்று சொன்ன பிள்ளைகளில் நானும் ஒருத்தி, முதல் ஆறு மாதம்.

ஆனால் தலைவரே, ஒன்றைப் பாருங்கள். 2024 மே தினத்தோடு 1,700 ரூபா என்று வர்த்தமானி வந்தது. கம்பனிகள் நீதிமன்றத்துக்குப் போயின. ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. செப்டெம்பரில் 1,350 என்று முடிந்தது. 2021இல் 1,000 ரூபா வந்தபோதும் கம்பனிகள் வழக்குப் போட்டன. ஒவ்வொரு தடவையும் அவர்கள் கையில் என்ன இருந்தது? ஒரு கிலோ தேயிலைக்கு உற்பத்திச் செலவு இவ்வளவு, ஏல விலை இவ்வளவு, சம்பளம் கூடினால் தோட்டம் மூட வேண்டியதுதான் என்று பக்கம் பக்கமாகக் கணக்கு. அந்தக் கணக்கைப் பிரித்து, எந்தச் செலவு எந்தத் தலைப்புக்குள் ஒளிந்திருக்கிறது என்று சொல்ல நம் பக்கம் எத்தனை பேர் இருக்கிறார்கள்? நமக்குத் தொண்டை இருக்கிறது, ரோட்டில் உட்காரத் தெரியும். அது இல்லாமல் எதுவும் கிடைத்ததில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் சம்பள நிர்ணய சபை மேசையில் தொண்டை மட்டும் போதாது. பொருளியலும் புள்ளிவிபரவியலும் நான்கு வருஷம் படித்த பிள்ளைகள் நமக்கு வேண்டும்.

இன்னொன்று. நான்காம் வருஷத்து ஆய்வேட்டுக்கு நம் பிள்ளை எந்தக் கேள்வியையும் எடுக்கலாம். தன் தோட்டத்தில் கைவிடப்பட்ட மலை எவ்வளவு, லயத்துக் கூரை எத்தனை வருஷப் பழையது, எத்தனை குடும்பத்துக்குக் காணி உறுதி கைக்கு வந்தது, எத்தனை பெண்கள் நாட்சம்பளத்தை விட்டு வெளிவாரி முறைக்கு மாறினார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதலாம். வெளியிலிருந்து வருகிறவர்கள் நம்மைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். படம் பிடித்துக்கொண்டும் போனார்கள். பிள்ளை மடுவத்தில் வளர்ந்த பிள்ளை எழுதினால் வேறு கேள்வி கேட்கும். அப்படி ஒரு ஆய்வேட்டின் பிரதி நம் சங்க அலுவலகத்து அலுமாரியில் இருந்தால் அடுத்த பேச்சுவார்த்தைக்கு அது உதவும். பிள்ளை கொழும்புக்குப் போனாலும் அந்தப் பிரதி போகாது.

சங்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம்முடைய பத்திரிகை, நாமே பேசாவிட்டால் யார் பேசுவது? பெறுபேறு வந்த கிழமை மேடை போடுகிறோம், மாலை போடுகிறோம், பை கொடுக்கிறோம், படம் எடுத்துப் போடுகிறோம். நல்லதுதான். பிள்ளைக்குச் சந்தோசம், பெற்றோருக்கு அதைவிட. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை முதலாம் வருஷத்தில் என்ன ஆனாள் என்று நாம் யாராவது விசாரித்ததுண்டா? மேடைக்கும் பந்தலுக்கும் ஆகிற செலவில் ஒரு பகுதியைப் பிடித்து, நான்காம் வருஷத்துக்குத் தெரிவான பிள்ளைகளுக்கு வட்டியில்லாத முற்பணமாகக் கொடுக்கலாம். தானம் வேண்டாம். வேலை கிடைத்ததும் மாதம் மாதம் திருப்பிக் கட்டட்டும், கட்டுகிற காசு அடுத்த பிள்ளைக்குப் போகட்டும். மாவட்ட அலுவலகத்தில் ஒரு பழைய கணினியும் அச்சு இயந்திரமும் இருக்கிறது. பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு அது சும்மா கிடக்கிறது. விடுமுறையில் வரும் பிள்ளைகள் ஒப்படை எழுத அதைத் திறந்துவிட்டால் என்ன குறைந்துபோகும்? சாவியை வைத்திருப்பவருக்கு இதில் மனக்குறை வரலாம். அவரிடம் நான் நேரிலும் பேசியிருக்கிறேன்.

காசை விடவும் முக்கியமாக, ஒரு பிள்ளை போன் எடுத்துக் கேட்க ஒரு ஆள் வேண்டும். டவுன் பிள்ளைகளுக்கு மாமா இருக்கிறார், அக்கா இருக்கிறார், அப்பாவின் நண்பர் விரிவுரையாளராக இருக்கிறார். அவர்களிடம் கேட்டுத்தான் எந்தப் பாடத்தை எடுப்பது, எந்தப் படிவத்தை எப்போது கொடுப்பது என்று அந்தப் பிள்ளைகள் நடக்கிறார்கள். நம் வீடுகளில் பல்கலைக்கழகம் போன முதல் ஆளே அந்தப் பிள்ளைதான். முன்னால் போனவர்கள் இப்போது நம் பாடசாலைகளில் ஆசிரியர்களாக இருக்கிறார்கள். என் ஆசிரிய நண்பர்களே, இதை வாசிக்கிறீர்களென்றால், உங்கள் பாடசாலையிலிருந்து போன பிள்ளைகளுக்கு முதலாம் வருஷத்தில் மூன்று தடவை போன் எடுங்கள். போனதும் ஒரு தடவை, பாடம் தெரிவு செய்யும்போது ஒரு தடவை, பரீட்சைக்கு முந்திய கிழமை ஒரு தடவை. ஆங்கிலத்தைப் பற்றியும் கேளுங்கள். சில துறைகளில் சிறப்புப் பட்டம் ஆங்கிலத்தில்தான். பயந்துபோய் அந்தப் பக்கமே தலை வைக்காத பிள்ளைகள் உண்டு. முதல் அரையாண்டில் நாற்பது வீதம் புரிந்தால் போதும், இரண்டாவது வருஷத்தில் பழகிவிடும் என்று யாராவது சொன்னாலே பாதிப் பயம் போய்விடும்.

அந்த அம்மாவின் மகளோடு அன்றைக்கே போனில் பேசினேன். துறை தெரிவுப் பட்டியலில் அவள் பெயர் இருக்கிறது. ஏற்றுக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க அவளுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அம்மா ஒத்துக்கொள்ளாவிட்டால் கொடுக்கமாட்டேன் என்றாள். அம்மாவும் மகளும் நானும் அடுத்த ஞாயிறு அவர்கள் லயக் காம்பராவில் உட்கார்ந்து ஒரு கொப்பியில் கணக்கு எழுதினோம். வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம். மாதம் எவ்வளவு குறைகிறது என்று தெரிந்தது. பெரிய தொகைதான், ஆனால் அம்மா பயந்துகொண்டிருந்த அளவு இல்லை. அப்பா ஒன்றும் பேசவில்லை. கடைசியில், சீட்டுக் காசு தைமாதம் கைக்கு வரும், அதுவரைக்கும் சமாளிக்க முடியுமா என்று மட்டும் கேட்டார். பிள்ளை படிவத்தைக் கொடுத்துவிட்டாள். தைமாதம் வரைக்குமான குறைக்கு வழி இன்னும் ஆகவில்லை. மேலே நான் சொன்ன முற்பணம் அடுத்த மாவட்டக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. உங்கள் தோட்டத் தலைவரிடம் இதைப் பற்றி உங்கள் கருத்தைச் சொல்லி அனுப்புங்கள். எதிர்ப்பு என்றாலும் சொல்லி அனுப்புங்கள்.

பல்கலைக்கழகத்தில் முதலாம் வருஷம், இரண்டாம் வருஷம் படிக்கிற பிள்ளைகள் உள்ளவர்கள் பெயரையும் பீடத்தையும் உங்கள் தோட்டக் கமிட்டியில் பதியுங்கள். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு பகல் இரண்டு மணிக்குப் பிறகு நான் மாவட்ட அலுவலகத்தில் இருப்பேன். வரும்போது மாணவர் கைநூலையும் பெறுபேற்றுத் தாளையும் எடுத்து வாருங்கள். கைநூல் இல்லாதவர்கள் பீடத்தின் இணையப் பக்கத்திலிருந்து எடுத்து வரலாம். பிள்ளையும் கூட வந்தால் நல்லது, வர முடியாவிட்டால் போனில் கூப்பிட்டுப் பேசலாம்.